கானோ ஜிகோரோ ஜூடோவில் புதிதாக என்ன செய்தார்?

கேள்வி இதுதான்: ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ உண்மையிலேயே ஒரு புதுக் கலையை உருவாக்கினாரா, இல்லை ஜுஜுட்சு என்று ஏற்கெனவே இருந்த பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலைக்கு வேறு பெயர் வைத்தாரா? வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடம், கல்லூரி என்று இருந்த ஒரு மனிதர் எப்படி ஒரு தற்காப்புக் கலைக்கே மூலவரானார்?

தனித்தனிப் பிடிகளாகப் பிரித்துப் பார்த்தால் அவர் புதிதாகச் சேர்த்தது கொஞ்சம்தான். பெரும்பாலானவை பழைய ஜுஜுட்சு மரபுகளில் இருந்து வந்தவை. அவர் மாற்றியது கற்றுக்கொடுக்கும் முறையை. ஒரு பிடி ஏன் வேலை செய்கிறது என்று கேட்டார், அதற்கு விடை கண்டார், அந்த விடையை யாருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். அப்புறம், முழு பலத்தோடு மோதினாலும் மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போகிற அளவுக்கு உடம்பு தப்பும்படி பயிற்சியை அமைத்தார். அவர் ஆசிரியராக இருந்ததும் ஜூடோ பிறந்ததும் வேறு வேறு கதைகள் இல்லை என்பது என் கருத்து. அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் இது விளங்கும்.

1860 டிசம்பர் 10 அன்று, இப்போது கோபே நகரின் பகுதியாக இருக்கும் மிகாகே என்ற ஊரில் பிறந்தார். அரிசி மதுவான சாக்கே வடிக்கும் குடும்பம், வசதியான வீடு. அப்பா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். குடும்பத் தொழிலில் இறங்காமல் கப்பல் போக்குவரத்து, அரசாங்க வேலை என்று போய்விட்டார். கானோவுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தார். அதன்பின் அப்பா அவரை டோக்கியோவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே விடுதியோடு கூடிய பள்ளியில் ஆங்கிலமும் ஜெர்மனும் படித்தார். படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் உடம்பு நோஞ்சான். வளர்ந்த பிறகும் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். இளவயதில் எடை சுமார் 41 கிலோ. பெரிய பையன்கள் விட்டுவைப்பார்களா? அடியும் உதையும் வாங்கினார்.

வீட்டுக்கு வந்துபோகும் ஒருவர், ஷோகுன் எனும் ராணுவ ஆட்சியாளரின் காவல்படையில் முன்பு இருந்தவர், ஜுஜுட்சு தெரிந்தால் பலம் குறைந்தவனும் பலசாலியை வீழ்த்தலாம் என்று சொல்லியிருந்தார். கற்றுத் தரும்படி கேட்டால், இந்தக் காலத்துக்கு அது எதற்கு என்று மறுத்துவிட்டார். அப்பாவும் வேண்டாம் என்றார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1868இல் ஷோகுன் ஆட்சி போய் மெய்ஜி பேரரசரின் ஆட்சி வந்தது. 1876இல் சாமுராய்கள் வாள் தரிப்பதையே அரசு தடைசெய்தது. மேல்நாட்டுப் படிப்பும் ரயிலும் தொழிற்சாலையும்தான் முன்னேற்றம் என்று நாடே ஓடிக்கொண்டிருந்த காலம். ஜுஜுட்சு ஆசான்கள் சீடர் இல்லாமல் பிழைப்புக்குத் திண்டாடினார்கள். சிலர் காசு வாங்கிக்கொண்டு மேடையில் மோதிக் காட்டும் நிலைக்கு வந்திருந்தார்கள்.

1877இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் கானோ தானே ஆசான் தேடிக் கிளம்பினார். எப்படித் தேடினார் தெரியுமா? எலும்பு முறிவு வைத்தியர்களின் பலகைகளைப் பார்த்து ஒவ்வொரு வாசலாக ஏறினார். குமரி மாவட்டத்தில் அடிமுறை ஆசான்களே எலும்பு கட்டும் வர்ம வைத்தியர்களாகவும் இருப்பதுபோல, ஜப்பானிலும் ஜுஜுட்சு தெரிந்தவர்கள் அந்தத் தொழிலில்தான் இருந்தார்கள். பல வாசல்களில் கைவிரிப்பு. கடைசியில் ஒருவர் ஃபுகுடா ஹச்சினொசுகேயைக் கைகாட்டினார். தென்ஜின் ஷின்யோ மரபைச் சேர்ந்தவர். வைத்திய அறையை ஒட்டி ஒரு சின்ன அறை, பத்துப் பாய் விரித்த இடம். அதுதான் பயிற்சிக்கூடம்.

அந்த அறையில் நடந்த ஒன்றைக் கானோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஃபுகுடா ஒரு வீச்சில் அவரைத் தூக்கிப் போட்டார். இதை எப்படிச் செய்கிறீர்கள், கையை எங்கே வைக்க வேண்டும், காலை எப்படி எடுக்க வேண்டும் என்று கானோ கேட்டார். வா என்று கூப்பிட்டு மறுபடி போட்டார் ஆசான். மறுபடி கேட்டார், மறுபடி விழுந்தார். கேட்டுக் கேட்டெல்லாம் தெரிந்துகொள்ள முடியாது, திரும்பத் திரும்பச் செய்தால் தானாக வரும் என்பது ஆசானின் பதில். அந்தக் காலத்தில் எல்லா ஆசானும் சொல்லியிருக்கக்கூடிய பதில்தான் அது. ஃபுகுடா நல்ல ஆசான், கானோ கடைசிவரை அவரை மதித்தார். ஆனால் அந்தக் கேள்விகளை மட்டும் அவர் விடவேயில்லை. பயிற்சியில் கிழிந்து கிழிந்து தைத்த அவருடைய பழைய மேலங்கியை பின்னாளில் அவர் தொடங்கிய ஜூடோ பள்ளியான கோடோகானின் அருங்காட்சியகத்தில், டோக்கியோவில், வைத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் காயம், களிம்பு பூசிக்கொண்டே கல்லூரிக்குப் போனார்.

அதே கூடத்தில் ஃபுகுஷிமா என்று ஒருவர், மீன் சந்தையில் வேலை செய்தவர், கானோவைவிடப் பெரிய உடம்பு. அவரை எப்படியும் வீழ்த்த முடியவில்லை. சுமோ தெரிந்தவரிடம் போய் சில உத்திகளைக் கேட்டு வந்தார், பலிக்கவில்லை. பிறகு மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டி, எதிராளியின் கால்களுக்கு நடுவே கையை விட்டு, அவரைத் தோளின் குறுக்கே ஏற்றி, மறுபக்கம் கவிழ்க்கும் ஒரு வழியைப் பிடித்தார். நண்பர்களிடம் பழகிப் பார்த்துவிட்டு ஃபுகுஷிமாவிடம் போட்டார். ஆள் விழுந்தார். இன்று ஜூடோவில் கட்டா குருமா என்று சொல்லப்படும் வீச்சு அப்படி வந்தது. தன் மரபில் இல்லாத ஒன்றை வெளியே தேடி எடுக்க அவருக்குத் தயக்கமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மரபுச் சுவடியைத் தாண்டக்கூடாது என்று இருந்த ஆசான்கள் மத்தியில் இது பெரிய விஷயம்.

1879 ஆகஸ்டில் அமெரிக்க முன்னாள் அதிபர் யுலிசிஸ் கிராண்ட் டோக்கியோ வந்தபோது, தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சியின் வீட்டில் அவருக்கு ஜுஜுட்சு செய்து காட்டியவர்களில் கானோவும் ஒருவர், அப்போது வயது 18. அடுத்த சில நாட்களில் ஃபுகுடா இறந்துவிட்டார். கானோ அதே மரபின் ஈசோ மசடோமோவிடம் போனார். அறுபதைக் கடந்தவர், வரிசைமுறைப் பயிற்சியான கட்டாவில் தேர்ந்தவர். 1881இல் அவரும் காலமானார். மூன்றாவது ஆசான் கிட்டோ மரபைச் சேர்ந்த ஈகுபோ ட்சுனெதொஷி. ஐம்பதை நெருங்கிய வயதிலும் வீச்சுகளில் அபாரமானவர். ஒரு மரபில் பிடி, நெரிப்பு, அடி. இன்னொன்றில் வீச்சு. இரண்டையும் ஒரே ஆள் கற்றபோதுதான் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

ஈகுபோவோடு நடந்த ஒரு பயிற்சியைத்தான் நான் ஜூடோவின் பிறந்தநாள் என்பேன். ஆசானிடம் எப்போதும் விழுந்துகொண்டிருந்த கானோ, அன்று ஆசானை அடுத்தடுத்து வீழ்த்தினார். ஈகுபோவால் ஒரு வீச்சும் போட முடியவில்லை. என்ன நடந்தது என்று அவரே கேட்டார். கானோ விளக்கினார்: எதிராளியைத் தள்ளினால் அவர் எதிர்த்துத் தள்ளுகிறார், இழுத்தால் பின்னால் சாய்கிறார். அந்தக் கணத்தில் அவர் நிலை குலைகிறது. நிலை குலைந்த பின்தான் வீச வேண்டும், நிலையாக நிற்பவரை வீசப் பார்ப்பது வீண் பலம். ஈகுபோ யோசித்துவிட்டு, இனி உனக்கு நான் கற்றுத்தர எதுவும் இல்லை என்று சொன்னதாகக் கானோ பதிவுசெய்திருக்கிறார். அந்த ஆசானின் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நிலை குலைப்பதை ஜூடோவில் குசுஷி என்பார்கள். பழைய ஆசான்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. கானோ அதைத் தனியாகப் பிரித்து எடுத்து, முன், பின், பக்கவாட்டு, மூலைகள் என்று எட்டுத் திசைகளாக வகுத்து, குலைத்தல், இடம் பிடித்தல், வீசுதல் என்று மூன்று கட்டங்களாகச் சொல்லிக்கொடுத்தார். சொற்பொழிவுகளில் கணக்குப் போட்டே காட்டுவார். எதிராளியின் பலம் 10, என் பலம் 7 என்று வைத்துக்கொள்வோம். அவன் முழு வேகத்தில் தள்ளும்போது நான் எதிர்த்து நின்றால் தோற்பேன். அவன் தள்ளுகிற அளவுக்கு நான் பின்வாங்கினால் அவன் முன்னால் சரிவான். சரிந்த நிலையில் அவனால் பயன்படுத்த முடிவது 3தான். நான் நிலையாக நிற்கிறேன், என்னிடம் 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியைச் செலவழித்தாலே போதும். நோஞ்சான் பையனாக அடிவாங்கியவர் கண்டுபிடித்த கணக்கு இது.

1882இல், 21 வயதில், டோக்கியோவின் ஷிட்டயா பகுதியில் எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில் அறைகள் எடுத்துக் கோடோகானைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய் அளவு இடம், முதல் வருடம் ஒன்பது மாணவர்கள். அப்போதுதான் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, பிரபுக்குடும்பப் பிள்ளைகள் படிக்கும் ககுஷுயின் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாணவர்களிடம் கட்டணம் வாங்கவில்லை. தங்கிப் படித்தவர்களுக்குச் சாப்பாடும் அவர் செலவு. சம்பளம் போதாமல் இரவில் மொழிபெயர்ப்பு வேலை செய்தார். ஆட்கள் விழுந்து விழுந்து கோயிலின் தரை ஆடியது, இறந்தோர் நினைவாக வைத்த பலகைகள் சரிந்தன, குருக்கள் பொறுமை இழந்தார். தரைக்கு அடியில் மெழுகுவத்தியோடு தவழ்ந்து போய் உடைந்த கட்டைகளுக்கு முட்டுக்கொடுத்ததும் கானோதான்.

இப்போது பயிற்சி முறைக்கு வருவோம், கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. பழைய மரபுகள் பலவற்றில் கட்டாதான் பிரதானம். யார் எப்படித் தாக்குவார், யார் எப்படி விழுவார் என்பது முன்பே முடிவாகிவிட்ட பயிற்சி. தடையற்ற மோதலும் சில இடங்களில் உண்டு, ஆனால் விரல் முறிப்பதும் மூட்டை உடைப்பதும் அதில் கலந்தால் ஆள் மிஞ்சமாட்டான். கானோ ஆபத்தான அடிகளையும் முறிப்புகளையும் கட்டாவுக்குள் வைத்துக் காப்பாற்றினார். ரண்டோரி எனும் சுதந்திர மோதலில் வீச்சு, அமுக்கிப் பிடித்தல், கழுத்து நெரிப்பு, சில மூட்டுப் பிடிகள் ஆகியவற்றை மட்டும் அனுமதித்தார். மூட்டுப் பிடியும் பின்னர் முழங்கையோடு நின்றது. கற்க வருபவர் முதலில் விழப் பழக வேண்டும், கையால் பாயைத் தட்டி அதிர்ச்சியைச் சிதறடிக்க வேண்டும். வீசுபவரும் எதிராளியின் சட்டைக் கையை விடாமல் பிடித்து, தலை அடிபடாமல் இறக்க வேண்டும்.

இதனால் ஒரு வினோதம் நடந்தது. கேட்பதற்கு மென்மையாகத் தோன்றும் இந்த முறைதான் கடுமையான ஆட்களை உருவாக்கியது. கொடூரமான பிடியைக் காற்றில் ஆயிரம் முறை செய்து பார்த்தவரைவிட, எதிர்த்துப் போராடும் மனிதர்மேல் தினமும் முழு பலத்தில் பழகியவர் தேர்ந்தவரானார். 1880களில் டோக்கியோ காவல்துறை நடத்திய போட்டிகளில் கோடோகான் ஆட்கள் பழைய மரபினரை வென்றார்கள். எந்த வருடம், யார் யாரோடு மோதினார்கள் என்பதில் கதை கட்டியவர்கள் ஏராளம், அதை விடுவோம். சைகோ ஷிரோ, யோகோயாமா சகுஜிரோ, யமஷிடா யோஷிட்சுகு, முதல் மாணவரான தொமிடா ட்சுனெஜிரோ ஆகிய நால்வரின் பெயர் அப்போது பரவியது. அதில் சைகோவும் கானோவைப் போலக் குள்ளமானவர்தான்.

தோல்வியும் உண்டு. தனபே மதாஎமோன் என்ற ஜுஜுட்சு வீரர் தரையில் கிடந்து மோதுவதில் வல்லவர், கோடோகான்காரர்களைத் திணறடித்தார். அதன்பின் கோடோகானில் தரைப் பயிற்சிக்குக் கவனம் கூடியது. ஆனாலும் கானோவுக்கு வீச்சுகள்மேல்தான் பிரியம். நின்று மோதாமல் நேராகத் தரையில் இழுத்துப் படுப்பதை 1925இல் விதி போட்டுக் கட்டுப்படுத்தினார்.

படிப்படியான தரங்களும் அவர் ஏற்பாடே. 1883இல் தொமிடாவுக்கும் சைகோவுக்கும் டான் எனும் மேல்நிலைத் தரத்தின் முதல் படியைக் கொடுத்தார். கோ எனும் பலகை விளையாட்டில் ஏற்கெனவே இருந்த தர வரிசையிலிருந்து எடுத்தது. கறுப்பு பெல்ட் பின்னால் வந்தது. பழைய மரபுகளில் வருடக்கணக்கில் காத்திருந்து சுவடியோ சான்றோ வாங்குவார்கள், நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்றே சீடனுக்குத் தெரியாது. வகுப்பு வகுப்பாக ஏறும் பள்ளிக்கூட ஒழுங்கு உள்ளே வந்தது இப்படித்தான். கராத்தேயை ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுவந்த ஃபுனகோஷி கிச்சினை 1922இல் கோடோகானுக்கு அழைத்து அவர் கலையைச் செய்துகாட்டச் சொன்னவர் கானோ. அந்த வெள்ளைச் சீருடையும் டான் தரமும் கராத்தேக்கு ஜூடோவிலிருந்து போனவை. நம் தெருவில் கராத்தே வகுப்புக்கு பெல்ட் கட்டிக்கொண்டு போகும் குழந்தைகளுக்கும் கானோவோடு இப்படி ஒரு தொடர்பு உண்டு.

பிற கலைகளிடம் அவர் நடந்துகொண்ட விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. 1930இல் உயெஷிபா மோரிஹேயின் கூடத்துக்குப் போய், பின்னாளில் அய்கிடோ ஆன கலையைப் பார்த்தார். இதுதான் நான் கனவு கண்ட வீரக்கலை என்று வியந்து, தன் மாணவர் மொச்சிசுகி மினோருவை அங்கே கற்க அனுப்பினார். எழுபது வயதை எட்டும் நேரத்தில், தானே ஒரு கலையின் நிறுவனர் என்ற நிலையில், இன்னொருவர் கூடத்துக்குச் சீடர் அனுப்ப எத்தனை பேருக்கு மனம் வரும்?

1889இல் அரசு வேலையாக ஐரோப்பா போய், 1891 தொடக்கத்தில் திரும்பினார். திரும்பி வந்த கப்பலில் ஒரு ரஷ்யக் கடற்படை அதிகாரி இந்தக் குள்ளமான ஜப்பானியரைச் சோதித்துப் பார்க்க இறுக்கிப் பிடித்தார். கானோ அவரை வீசினார். ஆள் தலைகுப்புறப் போக இருந்தவர், கானோ கையால் தாங்கியதால் காலூன்றி இறங்கினார். வேடிக்கை பார்த்தவர்களை அதிகம் அசத்தியது வீச்சைவிட அந்தத் தாங்கல்தான்.

அதே 1891இல் திருமணம். பிறகு குமமொட்டோவில் உயர்பள்ளித் தலைவர். 1893 முதல் 1920 வரை, சிற்சில இடைவெளிகளோடு, டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவர். ஜப்பானெங்கும் போகப்போகிற ஆசிரியர்கள் அவர் கையில் தயாரானார்கள். சீன மாணவர்களுக்காக அவர் நடத்திய கோபுன் பள்ளியில் படித்தவர்களில் எழுத்தாளர் லு சுன்னும் ஒருவர். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு ஜப்பானின் முதல் அணியைக் கூட்டிப்போனார். இரண்டே வீரர்கள்.

பெண்களுக்கு 1890களிலேயே கற்றுத்தரத் தொடங்கினார், 1926இல் கோடோகானில் பெண்கள் பிரிவு வந்தது. தன் முதல் ஆசான் ஃபுகுடாவின் பேத்தி கெய்கோவைத் தானே அழைத்துப் பயிற்சியில் சேரச் சொன்னார். 1935இல் சேர்ந்த கெய்கோ ஃபுகுடா, 2013இல் 99 வயதில் சான்ஃபிரான்சிஸ்கோவில் மறையும்வரை ஜூடோவோடேயே வாழ்ந்தார். ஆனால் பெண்களுக்குப் போட்டி கிடையாது என்பதே கோடோகானின் நிலையாக இருந்தது. கானோ போன பிறகும் பல வருடங்கள் பெண்களின் தரத்தை ஐந்தாம் டானோடு நிறுத்தி வைத்தார்கள். கெய்கோ 1953இல் வாங்கிய ஐந்தாம் டானிலிருந்து ஆறுக்குப் போனது 1972இல்தான். அந்த விஷயத்தில் கோடோகான் செய்தது அநியாயம்.

கானோவின் மாணவர் பரம்பரை உலகெங்கும் போனது. மயேதா மிட்சுயோ பிரேசிலில் குடியேறிக் கற்றுத்தந்ததிலிருந்து கிரேசி குடும்பத்தின் பிரேசில் ஜியு ஜிட்சு கிளைத்தது. கோடோகானில் கறுப்பு பெல்ட் வாங்கிய ரஷ்யர் வாசிலி ஒஷ்செப்கோவ், சாம்போ எனும் ரஷ்ய மல்யுத்தக் கலையை உருவாக்கியவர்களில் ஒருவர், 1937இல் ஸ்டாலின் காலத்துச் சிறையில் மாண்டார். இந்தியாவுக்கும் வந்தது: தாகூரின் சாந்திநிகேதனில் 1929இல் கோடோகானின் தகாககி ஷின்சோ ஜூடோ கற்றுத்தந்தார். அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென், சாந்திநிகேதனில் ஜூடோ கற்ற பெண்களில் ஒருவர்.

கடைசிக் காலம் ஒலிம்பிக்கோடு போனது. 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர ஓடியாடினார். 1938 மார்ச்சில் கெய்ரோவில் நடந்த கூட்டத்தில் அதை உறுதிசெய்துகொண்டு, ஹிகாவா மாரு கப்பலில் ஊர் திரும்பும் வழியில் நிமோனியாவால் மே 4 அன்று இறந்தார். வயது 77. சீனாவோடு போர் முற்றியதால் இரண்டே மாதத்தில் ஜப்பான் அந்த ஒலிம்பிக்கைக் கைவிட்டது.

இத்தனை ஒலிம்பிக் ஆர்வம் இருந்தும் ஜூடோவை அதில் சேர்க்க அவர் ஆர்வம் காட்டவில்லை. மற்ற நாட்டினர் விரும்பினால் மறுப்பில்லை, தானாக முயற்சி எடுக்கும் எண்ணம் இல்லை என்று 1936இல் லண்டனில், பிரிட்டனில் ஜூடோவைப் பரப்பிய கொய்சுமி குஞ்சியிடம் தெளிவாகச் சொன்னார். ஜூடோவை விளையாட்டு என்ற ஒன்றுக்குள் அடக்க அவருக்கு மனமில்லை. உடலையும் மனதையும் சிறந்த முறையில் பயன்படுத்துவதும், தானும் பிறரும் சேர்ந்து வளர்வதும்தான் அவர் 1922இல் அறிவித்த இரண்டு கொள்கைகள். 1964இல் ஜூடோ ஒலிம்பிக்குக்குள் போனது, டோக்கியோவிலேயே எடை வரம்பற்ற பிரிவின் தங்கத்தை நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க் தட்டிச்சென்றார்.

அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். மீன் சந்தைக்காரரை வீழ்த்த அவர் தேடிப் பிடித்த கட்டா குருமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் கையால் பிடிக்கக்கூடாது என்று 2010இல் தொடங்கி 2013இல் முழுமையாக வந்த விதியால், சர்வதேசப் போட்டிகளில் அதன் அசல் வடிவத்துக்கு இப்போது இடமில்லை. ஆனால் கானோ வகுத்த நாகே நோ கட்டா எனும் பதினைந்து வீச்சுகளின் வரிசையில் அது மூன்றாவதாக அப்படியே இருக்கிறது. ஜூடோ கற்கப் போகிறீர்கள் என்றால், போட்டிக்கு மட்டும் தயார் செய்யும் இடமா, இந்தக் கட்டாவையும் முறையாகச் சொல்லித்தரும் இடமா என்று சேருவதற்கு முன்னால் கேட்டுப் பாருங்கள். ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டால் ஆசிரியர் நின்று பதில் சொல்கிறாரா என்பதையும் பாருங்கள்.